பாய்மரப் படகு பழக எங்கே போகலாம்?

பாய்மரப் படகு பழகுவது என்று நானும் வீட்டுக்காரரும் முடிவு செய்தாச்சு. எங்கே என்பதில்தான் இழுபறி. அவருக்குச் சென்னை. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-லிருந்து இருக்கிறது, நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் காலையில் எழும்பூர். எனக்கு ஹைதராபாத் ஹுசேன் சாகர். ஏரி என்பதால் கடலலை கிடையாது. தண்ணீர் சுத்தத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்! "பக்கத்தில் தூத்துக்குடி இருக்கே" என்கிறார் அத்தை. அது சரக்குத் தோணி அத்தை, நாங்கள் பழகப்போவது சின்னப் படகு.

அதில் ஒருவர் சுக்கானைப் பிடிக்க வேண்டும், மற்றவர் முன்பக்கப் பாயின் கயிற்றை. முதல் பாடத்திலேயே எங்களை மட்டும் தனியாக விடுவார்களா, பயிற்சியாளரும் ஏறுவாரா? அது தெரியாமல் பணம் கட்ட மாட்டேன். இவர் எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த லட்சணம் அப்படி. பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.