கோணமலை அடித் தண்ணீர்: ஒன்பதாவது தாளில் வந்தது

வண்ணம் தீட்டித் தீட்டி எட்டுத் தாள் வீண். ஒன்பதாவதில் நேற்று மாலை திருகோணமலைக் கோணேசர் மலையடிக் கடல் ஒருவழியாகத் தண்ணீர் மாதிரி வந்திருக்கிறது, அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

இத்தனை நாளும் அல்ட்ராமரைனில்தான் தொடங்குவேன். நான் முதன்முதல் வாங்கிய நீலம் அது. கடல் என்றால் கை தானாக அங்கே போகும், கை போன பிறகு கண்ணும் அந்த நீலத்தையே பார்க்கும். டச் பே (Dutch Bay) கடற்கரையில் கரைவலை இழுக்கும் ஐயா ஒருவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, அதில நீலம் எங்க கிடக்கு? கல்லடித் தண்ணியெல்லோ, பாசி நிறம்" என்றார். எனக்கு நீலமாகத்தான் தெரிந்தது, சத்தியமாக. அவருடையது அந்தத் தண்ணீரில் மீனையும் கல்லையும் தேடித் தேடிப் பழகிய கண்.

அப்புறம் ஓட்டை மட்டை வெட்டினேன்: நடுவில் சின்ன ஓட்டை போட்ட அட்டை, அதன் வழியே பார்த்தால் ஒரு நிறம் மட்டும் தனியாகத் தெரியும். வரைகிற எல்லோருக்கும் தெரிந்த சாமான்தான், ஆனால் மட்டை என்ன நிறம் என்பதில்தான் காரியம் இருக்கிறது. வெள்ளை மட்டையில் ஓட்டைக்குள் நிறம் இருண்டது, கறுப்பில் வெளிறியது. பாரிஸ் கோபெலின் நெசவுச்சாலையில் கறுப்புச் சாயம் சரியில்லை என்று முறைப்பாடு வந்தபோது, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் என்று ஷெவ்ரெல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கண்டுபிடித்து 1839இல் புத்தகமாகவே போட்டாரே, அதே சங்கதி. கடைசியில் சப்பாத்துப் பெட்டியின் சாம்பல் பக்கம் சரிவந்தது.

ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, பார்வையை ஓட்டையின் விளிம்பில் நிறுத்த வேண்டும். கடலில் நிறுத்தினால் உடனே நீலமாகிவிடும். விளிம்பில் நிறுத்தினால் அது கடலே இல்லை, வெறும் நிறத்துண்டு. இதைப் பழக மூன்று மாலை போனது. உள்ளே தெரிந்தது ஊறின பாசிப்பயற்றுத் தோலின் நிறம், கொஞ்சம் சாம்பல் கலந்தது. அதற்குக் கலந்தது மண்மஞ்சளான மஞ்சள் ஓக்கர், செம்பழுப்பான பேர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன் ஒரே ஒரு துளி.

300 கிராம் பருத்தித் தாள் இன்னும் இரண்டுதான் மிச்சம். கொழும்பிலிருந்து வந்த போன பார்சலில் மூலையெல்லாம் மடிந்திருந்தது, அந்தக் கடையில் இனி வாங்க மாட்டேன். அடுத்தது உள்துறைமுகம், காலை வெயிலில்.

முன்கரை மணல் இன்னும் வெள்ளைத்தாளாகவே கிடக்கிறது. அதற்கும் மட்டையைப் பிடித்துப் பார்த்தேன். ஓக்கர் பூச நினைத்திருந்த இடத்தில் மங்கிய ஊதா.