கார்த்திகை முதல் தேதி, பஹாமாஸ் ஓரமாக

நவம்பர் 14, 2024, வியாழன்

அட்லாண்டிக்கில் ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவின் டெய்டே மலை பின்னால் மறைந்ததிலிருந்து கரையே கண்ணில் படவில்லை. அங்கிருந்து, எங்கள் பயணிகள் கப்பல் போய்ச் சேரும் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் சுமார் 3,400 கடல் மைல். இன்று காலை முழுக்கச் சர்காசப் பாசி, காற்றின் போக்கிலேயே நீளநீளமான பழுப்பு வரிசைகளாக. வேர் கிடையாது, பற்றிக்கொள்ளப் பாறை கிடையாது. சின்னச் சின்னக் காற்றுப்பைகளால் மிதந்தபடியே வளர்கிறது. இந்தச் சர்காசோ கடலுக்குக் கரையும் இல்லை, நான்கு பக்கமும் நீரோட்டங்கள்தான் எல்லை. கப்பல் கிழித்துக்கொண்டு போன இடத்தில் மீன்கள் கூட்டமாகத் தெறித்துப் பறந்தன. "நாகப்பட்டினத்துல பறவைக்கோலா பிடிக்கப் போவாங்களே, அதேதானே?" என்றாள் அக்கா. அதே இனம்தான்.

மதியம் கேப்டனின் அறிவிப்பு: இன்றிரவும் கடிகாரத்தை ஒரு மணி பின்னே வைக்கவும். டெனெரிஃபுக்கும் ஃபுளோரிடாவுக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கிறார்கள். அப்படிக் கழிக்கிற நாளுக்கு 25 மணி நேரம். எங்கள் அறையைக் கவனிக்கும் தம்பி தூத்துக்குடிக்காரன். அந்த ஒரு மணி அவனுக்குத் தூக்கம். போன கான்ட்ராக்டில் கிழக்கே போனபோது ஒவ்வொரு மணியாகப் பறிபோனதாம். "அப்ப நின்னுக்கிட்டே தூங்குவோம்மா" என்றான்.

நவம்பர் 15, வெள்ளி

ஐப்பசிப் பௌர்ணமி. ஊரில் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். ராத்திரி மேல்தளத்தில் அக்காவும் நானும் வெகுநேரம் நின்றோம். அருகில் வந்திருக்கும் நிலா, அதனால் வழக்கத்தைவிடப் பெரிது. வேறு வெளிச்சமே இல்லாத கடலில் அப்படியொரு நிலவை இனி எப்போது பார்க்கப் போகிறோம் என்றிருந்தது.

நவம்பர் 16, சனி

கார்த்திகை 1. கப்பலில் கடைசி முழு நாள்.

விடிந்ததும் கதவிடுக்கில் கணக்குச் சீட்டும் லக்கேஜ் அட்டைகளும் இருந்தன. பெட்டிகளை இரவு பத்துக்குள் வாசலில் வைத்துவிட வேண்டும். பாஸ்போர்ட், மருந்து, நாளைக்கு உடுத்துவது மட்டும் கைப்பையில். (மருந்தைப் பெட்டியில் வைக்காதீர்கள், காலைவரை பெட்டி கைக்கு வராது.) பழம் எதையும் கரைக்கு எடுத்துப்போகக் கூடாது. மூட்டை கட்டுவது அரை மணி நேர வேலை.

பத்து மணிக்கு ரிசப்ஷன் பக்கம் போனபோது நீண்ட வரிசை. நாள்தோறும் கணக்கில் ஏறும் டிப்ஸ் தொகையை நீக்கச் சொல்லி நின்றவர்கள் அதில் பலர். மனசு கொதித்தது. அறை துடைப்பவர், பரிமாறுபவர், நம் கண்ணிலேயே படாத சலவைக்காரர் எல்லோருக்கும் பிரிகிற பணம் அது. இத்தனை நாள் பெயர் சொல்லி அழைத்து வேலை வாங்கிவிட்டுக் கடைசி நாளில் கழித்துக்கொள்வது நியாயமே இல்லை. கப்பலுக்குப் போகிறவர்கள் டிக்கெட் வாங்கும்போதே இந்தத் தொகையையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், எங்கள் அண்ணன் 1980-களில் சரக்குக் கப்பலில் இருந்தான். அப்பா இறந்த சேதி கிடைத்தபோது அவன் பிரேசிலில், சாந்தோஸ் துறைமுகத்தில். காரியமெல்லாம் முடிந்திருந்தது. ஒப்பந்தம் முடிந்தும் மாற்று ஆள் வரவில்லை என்று மேலும் நான்கு மாதம் நிறுத்திவைத்தார்கள். இன்றைக்குச் சட்டம் இருக்கிறது. 2006-ல் ஜெனீவாவில் நிறைவேறி 2013-ல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, ஓர் ஆளைத் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் கப்பலிலேயே வைத்திருக்க முடியாது. ஊருக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது. 24 மணி நேரத்தில் குறைந்தது பத்து மணி ஓய்வு தர வேண்டும், அதை இரண்டாகத்தான் பிரிக்கலாம், அதில் ஒன்று ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும்.

தம்பியிடம் கேட்டேன். "பத்து மணி கிடைக்கும்மா. துணி துவைக்கணும், வீட்டுக்குப் பேசணும், எல்லாம் அதுக்குள்ளதான்." ஜூலையில் ஏறியிருக்கிறான். மார்ச் மூன்றாம் வாரம் சைன் ஆஃப், அதாவது ஒப்பந்தம் முடிந்து இறங்குவது.

பயணிகள் போகாத கீழ்த்தளத்தில், கப்பலின் நீளத்துக்கும் ஓடுகிற நடைவழி ஒன்று உண்டு. ஃபுளோரிடாவிலிருந்து மேய்ன் வரை செல்லும் நெடுஞ்சாலையின் பெயரில் அதை ஐ-95 என்கிறார்கள். பல கப்பல்களிலும் இதே பெயர்தானாம். இன்றிரவு எல்லாப் பெட்டிகளும் அங்கே இறங்கி, எண் வாரியாகக் கூண்டு வண்டிகளில் அடுக்கப்படும். நாளைக் காலை ஒன்பதரைக்குள் நாங்கள் எல்லோரும் வெளியே. பதினொன்றரைக்குப் புதியவர்கள் ஏறத் தொடங்குவார்கள். அந்த இடைவெளிக்குள் ஒவ்வொரு படுக்கையும் விரித்தாக வேண்டும், கழிப்பறை மின்ன வேண்டும். மாலை நான்கு மணிக்கு மறுபடி கரிபியன் பயணம். பாத்திரம் கழுவுகிறவருக்கு அது இன்னொரு ஞாயிறு.

நான்கரை மணிக்கு வலப்பக்கம் நிலம்! பஹாமாஸின் பெரிய அபாகோ தீவின் தென்கோடி, அதன்மேல் ஹோல் இன் தி வால் கலங்கரை விளக்கம். அப்படியே பிராவிடன்ஸ் கால்வாய்க்குள் நுழைந்தோம். இந்தக் கப்பல் பதிவாகியிருப்பது பஹாமாஸில். பின்புறம் ஆளுயர எழுத்தில் அந்நாட்டுத் தலைநகர் நாசாவின் பெயர் இருக்கிறது. தன் ஊரைத் தாண்டித்தான் போகிறது, நிற்கவில்லை. அதில் வேலை செய்கிறவர்களில் நான் பேசியவர்கள் பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா, கோவா. நாசாவ்காரர் ஒருவரையும் சந்திக்கவில்லை. கப்பலின் கொடி எந்த நாடோ அந்த நாட்டுச் சட்டம்தான் இவர்களுக்கு என்பதை அண்ணன் அந்தக் காலத்திலேயே கடிதத்தில் எழுதியிருக்கிறான்.

சாப்பாடு முடிந்து வந்து, தம்பிக்குத் தனியாக ஒரு கவர் வைத்தோம். கருத்துப் படிவத்தில் அவன் பெயரை முழுசாக எழுதினேன். அடுத்த கான்ட்ராக்டுக்கு அது உதவும் என்று அவனே கூச்சத்தோடு சொல்லியிருந்தான். பிறகு ஒரு எண்ணைத் தந்து, "அம்மாட்ட ஒரு வார்த்தை, நல்லாருக்கேன்னு நேர்ல பாத்தவங்க சொன்னா நம்பும்" என்றான்.

நவம்பர் 17, ஞாயிறு. மயாமி விமான நிலையம்

விடிகாலை துறைமுகம். குடியேற்றச் சோதனையில் கேள்வி அதிகமில்லை. ஆரஞ்சு அட்டைக் குவியலில் பெட்டிகள் பத்திரமாக இருந்தன. துறைமுகத்திலேயே சீஃபேரர்ஸ் ஹவுஸ் என்று மாலுமிகளுக்கான இல்லம் இருக்கிறது. தம்பிக்கு இன்று அங்கே எட்டிப் பார்க்கவும் நேரம் இருந்திருக்காது.

எங்களுக்குத் தோகா வழியாகச் சென்னை. இங்கே இரவு எட்டு, தூத்துக்குடியில் காலை ஆறரை. போன் போட்டேன். மகன் மெலிந்துவிட்டானா என்றார் அந்த அம்மா. இல்லை, கீழே தினமும் சோறு உண்டாம் என்றேன். கப்பல் ஆடுமா, எத்தனை பேர் ஓர் அறையில் என்றெல்லாம் கேட்டார். இரண்டு பேர், அடுக்குக் கட்டில் என்று சொன்னேன்.

"உத்திரத்துக்கு வந்திருவானா? ரெண்டு வருசமா சாஸ்தா கோயிலுக்கு அவன் இல்லாமத்தான் போறோம்."

அக்கா போனில் காலண்டரைத் தேடிக் காட்டினாள். பங்குனி உத்திரம் ஏப்ரல் 11. மார்ச்சில் இறங்கிவிடுவான், நாள் இருக்கிறது என்றேன். ஒப்பந்தப்படி அவன் இறங்க வேண்டிய தேதியைத் தள்ளிவைத்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள் என்று என் எண்ணையும் கொடுத்தேன். அண்ணனுக்குத் தெரிந்த மாலுமிகள் சங்கத்துக்காரர்கள் தூத்துக்குடியிலேயே இருக்கிறார்கள்.