சோதனைச்சாவடியில் பர்ஸைத் தேடுகிறவர்கள்

திருநெல்வேலி மாவட்டத்து விக்கிரமசிங்கபுரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு விருந்தாளிப் பஞ்சம் கிடையாது. சாரல் விழத் தொடங்கியதும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் உறவுகள் முளைத்துவிடும். வருகிறவர்களுக்கு மாவு ஆட்டுவதில் எனக்குச் சலிப்பில்லை. அருவிக்குப் போகும் வழியில், பாபநாசம் வனத்துறைச் சோதனைச்சாவடியில் நுழைவுக் கட்டணத்துக்காகக் கார் நின்றதும் தொடங்கும் வழக்குதான் சலிப்பு.

"ஆளுக்குத் தனி, காருக்குத் தனியா? அருவி என்ன இவர்கள் அப்பன் வீட்டுச் சொத்தா?" இந்த முறை கேட்டவர் எங்கள் மதினியின் தம்பி. வழி நெடுகச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டாக்கில் பணம் போனபோது பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தவர். அங்கே கருவி எடுத்துக்கொள்கிறது, கை வலிப்பதில்லை. இங்கே பர்ஸைத் திறக்க வேண்டியிருப்பதால் அநியாயமாகத் தெரிகிறது.

சாவடிக்கு அப்பால் இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். முண்டந்துறை, களக்காடு என்ற இரண்டு சரணாலயங்களைச் சேர்த்து 1988-ல் உண்டானது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். சரணாலயத்துக்குள் போக அனுமதி வேண்டும், அதற்குக் கட்டணம் வாங்கலாம் என்று 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. 2006-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை வேண்டும் என்றார்கள். வசூலாகும் பணம் பெரிய கஜானாவில் கரைந்துபோகாமல், காட்டுக்கும் காட்டைச் சுற்றியிருக்கும் ஊர்களுக்கும் செலவாக வேண்டும் என்பது ஏற்பாடு. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது தம்பி, பையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டுகளை வெளியே எடுத்து வைக்கச் சொன்ன காவலரிடம் அடுத்த வழக்கைத் தொடங்கியிருந்தார். எங்கள் தூக்குவாளிப் புளியோதரை மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போனது.

காசு கொடுக்க மனமில்லாதவர்களை நான் பாபநாசநாதர் கோவில் படித்துறைக்கு அனுப்பிவிடுவேன். சாவடிக்கு இந்தப் பக்கம். அதே தாமிரபரணி, சீட்டு கிடையாது. ஆனால் அங்கே இறங்கும்போது காலில் என்ன சுற்றுகிறது என்று பாருங்கள். பரிகாரம் என்று சொல்லி, குளித்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். வேட்டி, சேலை, சட்டை எல்லாம் பாறையிடுக்கில் பாசி பிடித்துக் கிடக்கும். தன்னார்வலர்கள் அவ்வப்போது இறங்கி அள்ளிக் கரையில் குவிப்பார்கள். அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் நிறைந்துவிடும். பாவத்தைத் தொலைக்க வந்த இடத்தில் பாலியஸ்டரைத் தொலைத்துவிட்டுப் போவது எந்தச் சாஸ்திரமோ. கீழே திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணீர் இது.

ஆகையால் கட்டணம் வாங்கட்டும் என்பதுதான் என் கட்சி. வாங்குகிறவர்களிடம் எனக்கு வேறு வழக்கு இருக்கிறது.

ஓர் அருவி; பெயரும் வேண்டாம், யார் பொறுப்பு என்பதும் வேண்டாம். சீட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனோம். பெண்கள் உடை மாற்றும் அறையில் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. நானும் மதினியும் முறை வைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு, முன்பின் தெரியாத ஒரு பெண் தன் மகளுக்காக எங்களைப் பிடிக்கச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. நான் அருவியில் நின்ற நேரத்தைவிடக் கதவுக்குக் காவல் நின்ற நேரம் அதிகம். ஒரு தாழ்ப்பாள் என்ன விலை? அன்று காலை வந்த முதல் இரண்டு கார்களின் காசு போதும்.

வாகனம் நிறுத்துமிடத்தைக் குத்தகைக்கு விடும் ஊர்களில் இன்னொரு கூத்து. ஏலத்தில் எடுத்தவர் ஏலத்தொகைக்கு மேல் சம்பாதித்தாக வேண்டும். ஆகவே விசிலடித்துக் காரை மறிக்கும் பையனின் ரசீதுப் புத்தகம் எப்போதும் பைக்குள்தான் இருக்கும். கேட்டால் மட்டும் கிழிப்பான். கேளுங்கள். வனத்துறைச் சீட்டையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் கத்துகிறார்கள்.

என்னால் தீர்க்க முடியாத கணக்கு சாஸ்தா கணக்கு. இந்தச் சீமையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குலதெய்வமாக ஒரு சாஸ்தா உண்டு. பங்குனி உத்திரத்துக்குப் போயே ஆக வேண்டும். எங்களுக்குக் காரையாறு சொரிமுத்து ஐயனார். அவர் இருப்பது சாவடிக்கு உள்ளே. காப்பகம் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே அங்கே உட்கார்ந்துவிட்டவர். அவரைப் பார்க்கப் போகிறவனையும் அருவியில் ஆட்டம் போட வருகிறவனையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது. சரி, குலதெய்வம் என்றால் இலவசம் என்று அறிவித்துப் பாருங்கள், மதினியின் தம்பிக்குக்கூட அன்றைக்கே சொரிமுத்து ஐயனார் குலதெய்வம் ஆகிவிடுவார். ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாக வந்து கூடாரம் போட்டுத் தங்குகிற கூட்டத்துக்குப் பின்னால் மிஞ்சும் குப்பையும் பக்தர்கள் போட்டதுதான். சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்களுக்கு உத்திரத்தன்று மட்டும் அடையாள அட்டையைப் பார்த்துக் கட்டணமில்லாமல் உள்ளே விடலாம். அதற்கு மேல் எனக்கு யோசனை ஓடவில்லை.

அடுத்த கூட்டம் ஐப்பசியில் வருகிறதாம். வடகிழக்குப் பருவமழை; வெள்ளம் வந்தால் குளிக்க விடமாட்டார்கள், அதற்கும் என்னிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சில்லறை கொண்டு வரட்டும். பெண்கள் வருவதாக இருந்தால் ஒரு முழம் கயிறும்.