படு

"படு."

சொல்லி முடிக்கவில்லை, என் நாய் கருப்பியின் இரண்டு முழங்கைகளும் சாக்கின் மேல் இறங்கிவிட்டன. கையில் தீனி இல்லை. வெறும் சொல்லுக்கு, முதல் தடவையாக.

11 நாள் ஆனது. தினம் இரண்டு வேளை, ஐந்தைந்து நிமிஷம்.

அவித்த கோழித் துண்டை மூக்கருகே காட்டி, அப்படியே நேராகக் கீழே, முன்னங்கால்களுக்கு நடுவே இறக்க வேண்டும். மூக்கு போகிற வழியில் உடம்பும் போகும். முழங்கை தரையைத் தொட்ட நொடியே வாயில் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால், எழுந்ததற்குத்தான் கிடைத்தது என்று நினைத்துக்கொள்ளும். சொல், உடம்பு பழகிய பிறகுதான்.

முதல் மூன்று நாள் பாதி இறங்கி எழுந்துவிடுவாள்.

"முதுகப் புடிச்சு அமுக்கு தம்பி" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். மனசு வரவில்லை.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் விலா எலும்பு தெரிய அலைந்தவள். சிப்பிப்பாறை வேட்டைநாய்க் கலப்பு. முழங்கையில் சதையே கிடையாது, தோலுக்கு அடியில் எலும்புதான். எங்கள் மாடி சிமெண்ட் தரை அவளுக்கு வலித்திருக்கிறது! நாலாம் நாள் சாக்கை நாலாக மடித்துப் போட்டேன். மூன்றாவது முயற்சியில் படுத்தாள்.

படுப்பது என்றால், சட்டென்று எழுந்து ஓட முடியாத நிலைக்குப் போவது. கல்லடி பட்டு வளர்ந்த நாய்க்கு அது எவ்வளவு பெரிய காரியம்.

இன்றைக்குத் துண்டைத் தின்ற பிறகும் அவள் எழவில்லை. இடுப்பை ஒருபக்கம் சாய்த்து, தாடையை என் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டாள்.

கீழே அம்மா சாப்பிடக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் ஆகும்மா என்றேன்.