பந்து கையை விட்டுப் போகும் முன்

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் காணொளிப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்த முதல் ஆண்டில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் ஒவ்வொரு வீச்சுக்கும் முதற்கட்ட மதிப்பெண் இடும் பொறுப்பு எனக்கு வந்தது. அந்தத் தாளில் ‘முடிவு’ (யாருக்கு எறிவது என்ற தீர்மானம்), ‘வீச்சு’ (எறிந்த விதம்) என்று இரண்டு பத்திகள் இருந்தன. அவை ஏன் தனித்தனியாக இருக்கின்றன என்பது எனக்குப் புரிய ஒரு முழு மாதம் ஆயிற்று.

இந்த ஆட்டத்தில் பத்து கெஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில், மூன்றாவது வாய்ப்பில் இன்னும் எட்டு கெஜம் தேவைப்பட்டபோது, எங்கள் குவார்ட்டர்பேக் இளைஞர், பக்கத்தில் தனியாக நின்ற ரன்னிங் பேக்கை (பந்தை ஏந்தி ஓடுபவரை) விட்டுவிட்டு மைதானத்தின் நடுவே நீளமாக எறிந்தார். பந்தைப் பிடிக்க ஓடிய ரிசீவரைத் தாண்டி, இரண்டு அடி முன்னால் பந்து தரையில் விழுந்தது. இரண்டு பத்திகளிலும் கழித்தல் குறி போட்டுவிட்டு நான் அடுத்த காட்சிக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை பயிற்சியாளர் அதே காட்சியைத் திரும்ப ஓட்டி, பந்து விரல்களை விட்டு விலகும் கணத்தில் நிறுத்தினார். கோல் கம்பத்துக்குப் பின்னால் உயரத்தில் இருந்து எடுத்த அந்தப் படத்தில், நடுவில் காவல் நின்ற எதிரணியின் சேஃப்டி (கடைசி வரிசைக் காவலர்) குறுகிய ஓட்டம் ஒன்றைத் துரத்தத் தோள்களைத் திருப்பிவிட்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் எங்கள் ரிசீவர் வெட்டவெளிக்குள் ஓடிக்கொண்டிருந்தார். தனியாக நின்றதாக நான் நினைத்த ரன்னிங் பேக்கை நோக்கியோ எதிரணியின் நடுவரிசைக் காவலரான ஒரு லைன்பேக்கர் ஏற்கெனவே பாய்ந்து வந்துகொண்டிருந்தார். அங்கே எட்டு கெஜம் கிடைக்க வழியே இல்லை. ‘விழுந்த பந்தைப் பார்த்து முடிவுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறாய்’ என்று மட்டும் பயிற்சியாளர் சொன்னார்.

அன்றிலிருந்து, பந்து கையை விடும் கணத்தில் காட்சியை நிறுத்தி, முடிவுக்கான குறியை எழுதிய பிறகே மிச்சத்தை ஓட்டுகிறேன். விளைவு ஏற்கெனவே தெரிந்த ஆட்டத்தில் இதைச் செய்வது கடினம் என்பதால், உலகமே பார்த்த ஒரு வீச்சை வைத்து என்னைப் பழக்கிக்கொண்டேன்.

2020 பிப்ரவரி 2 அன்று மயாமி கார்டன்ஸில் நடந்த 54ஆவது சூப்பர் பவுலின் (தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டி) கடைசிக் கால் பகுதியில், சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் 20–10 என்று முன்னிலையில் இருந்து, பிறகு கான்சஸ் சிட்டி சீஃப்ஸிடம் 24–20 என்று பின்தங்கியது. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே நேரம் இருந்தது, மூன்றாவது வாய்ப்பு, பத்து கெஜம் தேவை, பந்து எதிரணியின் 49 கெஜக் கோட்டில் இருந்தது. நைனர்ஸின் குவார்ட்டர்பேக் ஜிம்மி கரோப்பலோ, காவலர்களைத் தாண்டி ஓடிய ரிசீவர் இமானுவேல் சாண்டர்ஸை நோக்கி எறிந்தார். பந்து அவரையும் கடந்து போய் விழுந்தது. அடுத்த வாய்ப்பில் சீஃப்ஸின் ஃபிராங்க் கிளார்க் கரோப்பலோவை வீழ்த்த, பிறகு அதே அணியின் டேமியன் வில்லியம்ஸ் 38 கெஜம் ஓடிப் புள்ளி சேர்க்க, ஆட்டம் 31–20 என்று முடிந்தது.

நைனர்ஸ் நான்கு புள்ளிகள் பின்தங்கியிருந்ததால் மூன்று புள்ளி தரும் ஃபீல்டு கோலால் பயனில்லை. நான்காவது வாய்ப்பையும் ஆடியே தீர வேண்டும் என்பது உறுதியாக இருந்தபோது, நீண்ட வீச்சுக்கு ஏற்ற தருணம் மூன்றாவது வாய்ப்புதான். குறுகிய வீச்சில் ஆறு கெஜம் எடுத்திருந்தால் கடைசி வாய்ப்பில் நான்கே கெஜம் மிஞ்சியிருக்கும் என்ற வாதத்தை நான் லேசாக ஒதுக்கவில்லை. பத்து கெஜம் மிஞ்சும்போது எதிரணியின் முன்வரிசை வேறு எதையும் எண்ணாமல் பாயலாம். ஆனாலும் காவலர்களைக் கடந்துவிட்ட ஒருவர் கோல் எல்லைக்கோட்டை நோக்கி ஓடும்போது அவருக்கு எறியாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முடிவுக்குக் கூட்டல், வீச்சுக்குக் கழித்தல். பந்து சற்றுக் குட்டையாகப் போயிருந்தால்கூட ரிசீவர் வேகத்தைக் குறைத்து அதற்காகப் போராடியிருக்கலாம். நீண்டு போன பந்தில் யாருக்கும் வழியில்லை.

அதே கால் பகுதியில், பத்துப் புள்ளிகள் பின்தங்கிய நிலையில், மூன்றாவது வாய்ப்பில் பதினைந்து கெஜம் தேவைப்பட்டபோது சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் வெகுதூரம் பின்வாங்கி எறிந்த பந்து டைரீக் ஹில்லிடம் சேர்ந்து 44 கெஜம் தந்தது. அது தவறியிருந்தால் அவசரக்காரர் என்றே அவரைச் சொல்லியிருப்பார்கள். அந்த இரண்டு முடிவுகளையும் நான் ஒரே பத்தியில் ஒரே குறியுடன்தான் எழுதுவேன்.

எங்கள் இளைஞர் திங்கட்கிழமை வந்து, திருத்தப்பட்ட தாளைப் பார்த்தார். முடிவுப் பத்தியில் இருந்த கூட்டல் குறியின் மேல் சற்று நேரம் விரலை வைத்திருந்துவிட்டு, தன் கால்களைக் காட்டச் சொன்னார். காட்சியை ஒவ்வொரு படச்சட்டமாக நகர்த்தினோம். முன்கால் வழக்கத்தைவிட நீளமாக ஊன்றியிருந்தது. கால் அகன்றால் பந்து மேலெழுந்து நீண்டுவிடும். அன்று மாலை அதே ஓட்டத்துக்கு அவர் இருபது முறை எறிந்தார். நான் கம்பத்துக்குப் பின்னால் நின்று அவருடைய முன்காலை மட்டும் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.