வளையல் இறுகிய கை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் தெருவுக்குக் குடிவந்த லாகூர்ப் பெண் என்னைப் ‘பாஜி’ என்று அழைப்பாள். அவர்கள் வழக்கில் அக்கா. எனக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை நடந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின் அவளுக்கும் அதே நோய் கண்டது. கீமோவும் ரேடியேஷனும் முடிந்த அன்று வீடு நிறைய இனிப்பு வந்தது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. சிகிச்சை முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவது எங்கள் குடும்பங்களிலும் உள்ளதுதான்.

ஒரு மாலை சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தவள், வலக்கையின் கண்ணாடி வளையல்கள் கழலவில்லை என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளை அகற்றினாலோ, அவ்விடத்தில் கதிர்வீச்சு பட்டாலோ, நீர் வடிய வழியின்றிக் கையிலேயே தங்கி, கை வீங்கிவிடலாம். சிகிச்சைக்குப் பல மாதங்கள், சில ஆண்டுகள் கழித்துக்கூட இது வரும். மருத்துவமனையில் தந்த பயிற்சித் தாள் ஆங்கிலத்தில் இருந்ததால் அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டிருந்தாள். சோப்பு நுரை தடவி ஒவ்வொரு வளையலாகக் கழற்றினோம். மறுநாள் பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிச் சென்றேன்; கைக்கு அழுத்த உறை கிடைத்தது.

பாகிஸ்தானில் பெண்களை மிகுதியாகத் தாக்கும் புற்றுநோய் இதுவே. இம்ரான் கான் தம் தாயின் நினைவாக எழுப்பி, 1994-இல் லாகூரில் திறக்கப்பட்ட ‘ஷவுகத் கானும்’ புற்றுநோய் மருத்துவமனையில்தான் இவளுடைய சித்தி சிகிச்சை பெற்றார். அங்கே குறை ஒன்றும் இல்லையாம். ஊர் திரும்பிய பிறகு, மகள்களுக்கு வரன் தட்டிப்போகுமோ என்றஞ்சி, வீங்கிய கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்தே வாழ்ந்தாராம். அதே 1994-இல் அந்நாட்டில் தொடங்கிய ‘லேடி ஹெல்த் ஒர்க்கர்’ திட்டத்தில், ஏறத்தாழ 1,000 பேருக்கு ஒருவராக உள்ளூர்ப் பெண்களே வீடு வீடாகச் சென்று தாய்சேய் நலம் பார்க்கிறார்கள். வெளியாள் நுழைய முடியாத அடுப்படி வரை செல்லும் அவர்களுக்குக் கைவீக்கத்தைப் பார்க்கவும் கற்பித்திருந்தால், அந்தச் சித்தி தனியே துன்புற்றிருக்க வேண்டியதில்லை என்றே நான் நினைக்கிறேன்.

சனிக்கிழமைதோறும் இப்போது நாங்கள் ஐந்து பேர், மூவர் தமிழர், அவள் அடுப்படியில் கூடுகிறோம். சுவரில் விரல்களை மெல்ல ஏற்றி, எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடிடுகிறோம். அவளுடைய கோடு காலண்டர் ஆணியைத் தாண்டிவிட்டது. அடுத்த தெருவில் போன மாதம் அறுவை செய்துகொண்ட ஒருத்தியையும் அழைத்து வரலாமா என்று, அந்தப் பெண்ணின் கணவரே நேற்று வாசலில் நின்று கேட்டார்.