எச்.ஐ.வி. உள்ள குழந்தைக்கு டானிக் கொடுக்கும்போது கடிகாரம் பார்க்கணும்

எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் எச்.ஐ.வி. மருந்து டோலுடெக்ராவிர். இந்த மாத்திரைக்கு டானிக்கில் இருக்கும் இரும்பும் துத்தநாகமும் கால்சியமும் ஆகாது. வயிற்றில் ஒன்றாகச் சேர்ந்தால் மருந்து அவற்றோடு ஒட்டிக்கொள்ளும், ரத்தத்தில் ஏறாது. டானிக்குக்கு 2 மணி நேரம் முன்பு மாத்திரை கொடுக்கலாம். டானிக் முந்திக்கொண்டால் 6 மணி நேரம் கழித்துத்தான். மாத்திரை இரவு 8 மணிக்கு என்றால் டானிக் மதியம் 2 மணிக்குள் முடிந்திருக்க வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அது நடக்காத காரியம். காலை 7 மணிக்கு மாத்திரை, சாயங்காலம் வீடு திரும்பியதும் டானிக் என்று வைத்த பிறகு எங்களுக்குக் குழப்பமே இல்லை. வயிற்றெரிச்சலுக்குக் கொடுக்கும் ஜெலூசில் வகை மருந்துக்கும் இதே கணக்குதான்.

தண்ணீரில் கரையும் 10 மி.கி. டோலுடெக்ராவிர் மாத்திரையைச் சுத்தமான தண்ணீரில் கரைத்து அரை மணிக்குள் குடிக்க வைக்க வேண்டும். டம்ளர் அடியில் வண்டல் தங்கும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் கொடுங்கள். மாத்திரை எத்தனை என்பது எடையைப் பொறுத்தது: 6 கிலோவிலிருந்து ஒன்றரை, 10 கிலோவிலிருந்து 2, 14 கிலோவிலிருந்து இரண்டரை. பிள்ளை எடை ஏறியும் பழைய அளவே ஓடிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிற தவறு.

வயிற்றுப்போக்கு வந்தால் துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்கு மேல் 20 மி.கி., அதற்குள் 10 மி.கி. போக்கு நின்றதும் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறோம். கூடாது. துத்தநாகம் வாயில் உலோகச் சுவை தரும், குமட்டும். வெறும் வயிற்றில் வேண்டாம்.

விட்டமின் ஏ மற்றக் குழந்தைகளுக்கு உள்ள அட்டவணைப்படியே: 9 மாதத்தில் 1 மி.லி. (1 லட்சம் யூனிட்), பிறகு 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 மி.லி. எச்.ஐ.வி. இருக்கிறதே என்று கூட்டிக் கொடுக்கக் கூடாது. கல்லீரலில் தங்கும் சத்து இது. மிஞ்சினால் வாந்தி, தலைவலி, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி வீக்கம். அங்கன்வாடியில் ஒரு முறை, ஆஸ்பத்திரியில் ஒரு முறை என்று இரட்டிப்பாகாமல் இருக்க, கொடுத்த தேதியைத் தடுப்பூசி அட்டையில் அப்போதே எழுதச் சொல்லுங்கள்.

கடையில் விற்கும் விலை கூடிய மல்டிவிட்டமின்? உகாண்டாவில் 1 முதல் 5 வயது வரையுள்ள எச்.ஐ.வி. குழந்தைகளுக்கு அன்றாடத் தேவையைப்போல் இரு மடங்கு நுண்சத்து கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான அளவு பெற்றவர்களைவிட இறப்பு குறையவில்லை. அந்தக் காசுக்கு முட்டையும் கடலையும் வாங்கலாம். நோய்க்குறி இல்லாத குழந்தைக்கே சாப்பாடு பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டியிருக்கிறது.